வேலூரைச் சுற்றி 3 நாள் கார்ப் பயணம்: தறி, வெல்ல ஆலை, பட்டுப்புழு, தோல். எதை எந்த நேரத்தில் பார்ப்பது?

பயணப்பை கேட்டது:

வணக்கம். ஜனவரி கடைசி வாரத்தில் வேலூரில் தங்கி, 3 நாள் காரில் சுற்றுவதாகத் திட்டம். எந்தக் கிழமையில் தொடங்கினாலும் சரி. நாலு பேர். அதில் 70 வயதுப் பெரியவர் ஒருவர், 12 வயதுப் பிள்ளை ஒன்று. கோயில், அருவிப் பட்டியல் வேண்டாம்; அது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. பழைய வடஆற்காட்டில் இன்னும் கையால் நடக்கிற வேலைகளையும் சின்ன விவசாயிகளின் தோட்டங்களையும் வேலை நடக்கும்போதே பார்க்க வேண்டும். ஆரணித் தறி, வெல்லம் காய்ச்சுவது, இலவம்பாடி முள்ளுக் கத்தரி, பட்டுப்புழு, ஆம்பூர்ப் பக்கத் தோல் வேலை, ஜவ்வாது மலைத் தேன், சாமை என்று எழுதி வைத்திருக்கிறேன். எந்த வரிசையில் போனால் எல்லாம் அமையும்? போகும் இடத்தில் என்ன கேட்பது, எதைச் செய்யக் கூடாது, எதை வாங்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

---

கொப்பரைக்கரை எழுதியது:

வரைபடத்தைப் பார்த்து வரிசை போடாதீர்கள். தூரம் பெரிய விஷயமே இல்லை. வேலூரிலிருந்து ஆரணி சுமார் 40 கி.மீ., ஆம்பூர் சுமார் 50 கி.மீ. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நேரம் இருக்கிறது. அந்த நேரம் தவறினால் பூட்டிய கொட்டகையையும் காய்கிற சக்கையையும்தான் பார்ப்பீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடம், மிஞ்சினால் மூன்று. குடியரசு நாளை ஒட்டிய விடுமுறையைத் தவிர்த்து, செவ்வாய்க்கிழமை தொடங்குங்கள்.

ஏன் செவ்வாய் என்றால் அன்றுதான் பொய்கை மாட்டுச் சந்தை. வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் தேசிய நெடுஞ்சாலை 48-லேயே இருக்கிறது. காலை 6 மணிக்கு அங்கே நில்லுங்கள், 8 மணிக்கு மேல் நல்ல மாடுகள் கைமாறிவிடும். விலை வாயால் பேசப்படுவதைவிடத் துண்டுக்கு அடியில் விரலால் பேசப்படுவதைக் கவனியுங்கள். மாட்டின் பின்பக்கம் நிற்க வேண்டாம், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். (வெறும் ஆடு பார்க்க வேண்டுமானால் கே.வி.குப்பத்தில் திங்கள், ஒடுகத்தூரில் வெள்ளி.)

அங்கிருந்து அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடிக்குப் போய்விடலாம். முள்ளுக் கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செடியின் தண்டு, இலை நரம்பு, காய்க் காம்பு எல்லாவற்றிலும் முள் இருக்கும். அதனால் துணி சுற்றியோ கையுறை போட்டோதான் பறிப்பார்கள், அதுவும் வெயில் ஏறுவதற்குள். காய்ப்பில் இருக்கிற தோட்டத்தில் 3, 4 நாளைக்கு ஒரு பறிப்பு. நீங்கள் போகும் நாளில் பறிப்பு இருக்கிறதா என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்தில் பார்க்க வேண்டியது வாடிய நுனித் தண்டு. தண்டும் காயும் துளைக்கிற புழு முதலில் அங்கேதான் நுழையும். கவனமுள்ள விவசாயி வாடிய நுனியைக் கிள்ளி எடுத்து வெளியே கொண்டுபோய் அழிப்பார், ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி (பெண் பூச்சியின் வாடையைக் காட்டி ஆண் அந்துப்பூச்சியைப் பிடிப்பது) வைப்பார். கிள்ளிய நுனியை வயலிலேயே போட்டால் புழு அடுத்த செடிக்குப் போகும். வாங்கும்போது காம்பு பச்சையாகவும் முள் விறைப்பாகவும் இருக்கிற காயாக எடுங்கள். முள் மழுங்கித் தொங்கினால் பறித்து ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. வேதிமருந்து தெளித்து எத்தனை நாள் ஆகிறது என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

பிறகு வெல்ல ஆலை. அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் பக்கம் கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் கொட்டகையில் புகை தெரியும். விடியலுக்கு முன்பே அடுப்பு பற்றவைத்துவிடுவார்கள். ஒரு கொப்பரை (கரும்புச் சாறு காய்ச்சும் பெரிய அகன்ற பாத்திரம்) காய்ந்து இறங்க 2½ முதல் 3 மணி நேரம். இலவம்பாடி முடித்து 10 மணிக்குப் போனால் இரண்டாவது, மூன்றாவது கொப்பரை கிடைக்கும். பாகு இறங்கும் கடைசி அரை மணி நேரம்தான் முக்கியம், அதை விட்டுவிடாதீர்கள்.

நடப்பது இது. 1 டன் கரும்புக்கு ஏறக்குறைய 100 கிலோ வெல்லம். சாறு சூடேறும்போது தெளிந்த சுண்ணாம்பு நீர் விடுவார்கள். வெண்டைச் செடித் தண்டை நசுக்கி ஊறவைத்த வழுவழுப்பான நீரையும் ஊற்றினால் அழுக்கு திரண்டு மேலே வரும், அதை வாரி எடுப்பார்கள். நுரை பொங்கினால் ஒரு கரண்டி எண்ணெய். பாகை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பார்கள், விரலில் உருண்டால் பதம். அப்போது சூடு 115 டிகிரிக்கு மேல் இருக்கும். கொதிநீர் பட்டால் வழிந்துவிடும், பாகு பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பிள்ளையைக் கொப்பரையிலிருந்து பத்தடி தள்ளி நிறுத்துங்கள்.

கெடுவது எங்கே? சுண்ணாம்பு கூடினால் வெல்லம் கறுக்கும், குறைந்தால் இறுகாது. வெட்டிய கரும்பை ஒரு நாளுக்கு மேல் போட்டுவைத்தால் சர்க்கரை உடைந்து பாகு பிசுபிசுவென்றே நிற்கும், எவ்வளவு காய்ச்சினாலும் உருண்டை பிடிக்காது. உப்புத் தண்ணீர் பாய்ந்த கரும்பில் வெல்லம் கரிக்கும், மழைக்காலத்தில் கசியும். எலுமிச்சை மஞ்சளில் பளபளக்கிற வெல்லத்தை வாங்காதீர்கள். அது ஹைட்ரோஸ் போட்டு வெளுத்தது. கொஞ்ச நாளில் நிறம் மங்கிவிடும், கந்தகம் உள்ளே தங்கிவிடும். சந்தை மஞ்சளைக் கேட்பதால்தான் ஆலைக்காரர் அதைப் போடுகிறார். செம்பழுப்பு வெல்லம் வேண்டும் என்று அவரிடமே சொல்லி, அதற்குரிய விலையைக் கொடுங்கள்.

நேரம் மீந்தால் அன்று சாயங்காலமே ஒடுகத்தூர்ப் பக்கம் பட்டுப்புழுவும் பார்த்துவிடலாம்.

---

நாடா எழுதியது:

இரண்டாம் நாள் ஆரணி. வேலூரிலிருந்து கணியம்பாடி, கண்ணமங்கலம் வழி. விடியற்காலை 5 மணிக்குக் கிளம்புங்கள். காலை 6-லிருந்து 9 வரைதான் தெருவில் பாவு (சேலையின் நீளவாக்கு இழைகள்) போடுவார்கள். வெயில் ஏறினால் கஞ்சி சீக்கிரம் காய்ந்து இழை முறியும், காற்று அடித்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளும், தூறல் விழுந்தால் அன்றைக்கு வேலையே இல்லை. தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிச்சுப் போடுவார்கள். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்துங்கள். பாவு போட்டிருக்கும் தெருவில் கார் புழுதி கிளப்பினால் ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு அழுக்காகும்.

கிளம்பும் முன் பஞ்சாங்கம் பாருங்கள். அமாவாசையன்று பல நெசவாளர் வீடுகளில் தறி ஓடாது.

ஆரணி நகரத்தில் கடைகள்தான் அதிகம் கண்ணில் படும். தறிச் சத்தம் கேட்க ஒண்ணுபுரம், தேவிகாபுரம் மாதிரியான ஊர்களுக்குப் போங்கள். வீட்டுக்காரர் அழைத்தால் செருப்பை வாசலில் விட்டு, கை கழுவித் துடைத்துவிட்டு உள்ளே போங்கள். தலைக்கு எண்ணெய் தடவிய கையோடு பட்டைத் தொட்டால் அந்தக் கறை சாயத்தோடு சேர்ந்து நின்றுவிடும். குழித்தறியின் குழி ஓரத்தில் மண் தரை வழுக்கும். பெரியவருக்கு முதலிலேயே ஒரு முக்காலி கேட்டு வாங்கி உட்கார வையுங்கள்.

தறி மேடையில் நடப்பது கடைசி வேலைதான். அதற்கு முன் எத்தனை கை பட்டிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கச்சாப் பட்டில் கோந்து இருக்கும். சோப்பும் சலவைச் சோடாவும் போட்ட கொதிநீரில் அதை நீக்கினால் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போய்விடும். அதன்பின் சாயம், பிறகு ராட்டையில் தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல் சுருள்) சுற்றுவது. ஒரு பாவு பொதுவாக 3, 4 சேலைக்கு வரும். அது முடிந்ததும் பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதிய பாவின் இழையைப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. ஒரு இழை மாறிப் பிணைந்தால் அந்தச் சேலை முழுக்க ஒரு கோடு ஓடும், பிரித்தால்தான் சரியாகும். பிணைக்கிற வீட்டுக்குப் போக நேர்ந்தால் பேச்சுக் கொடுக்காமல் நின்று பாருங்கள்.

சேலையில் வடிவம் எழுப்பும் ஜக்கார்டு பெட்டியையும் பிள்ளைக்குக் காட்டுங்கள். துளை போட்ட அட்டை ஒவ்வொன்றும் ஒரு ஊடைக்கு (குறுக்கு இழைக்கு) எந்தப் பாவு இழை எழும்ப வேண்டும் என்று சொல்லும். துளை இருந்தால் ஊசி நுழைந்து இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. இப்போது பல தறிகளில் மின்னணு ஜக்கார்டு வந்துவிட்டது. அட்டைத் தறி இருக்கும் வீட்டைக் கேட்டுத் தேடிப் போனால்தான் இது கண்ணுக்குப் புரியும்.

வாங்குவதானால் இரண்டு விஷயம். சரிகையை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்து உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிந்தால் வெள்ளிச் சரிகையாக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் சிவப்புச் சாயம் போட்ட போலியும் வருகிறது, ஆகவே அசல் பட்டுக்கான சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, ரசீதில் சரிகை வகையும் எழுதி வாங்குங்கள். இரண்டாவது, கரையும் முந்தியும் உள்ள பட்டுச் சேலை 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி கைத்தறிக்கு ஒதுக்கப்பட்டது. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்கக் கூடாது என்பது மட்டுமில்லை, நெய்யவே கூடாது. கேள்வி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. தறி பார்த்த வீட்டிலேயே சேலை கேட்காதீர்கள். பெரும்பாலும் அது கூலி நெசவு, பட்டும் சரிகையும் முதலாளியுடையது. விற்றால் நெசவாளருக்குத்தான் வம்பு.

மதியம் ஆரணி அரிசி ஆலை ஒன்றை எட்டிப் பார்க்கலாம். ஊறல், வேகவைப்பு, காயவைப்பு, அரைப்பு. நெல் 14 சதவீத ஈரத்துக்கு இறங்காமல் அரைத்தால் குருணை கூடும், அதிகம் காய்ந்தாலும் கூடும். தூசு அதிகம், பெரியவருக்கு முகக்கவசம். இரவு போளூரில் தங்குங்கள்.

---

பயணப்பை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. செவ்வாய் தொடங்குவதாக முடிவு செய்துவிட்டோம். குடியாத்தத்தில் தீப்பெட்டி, ஆம்பூரில் தோல் பதனிடும் இடம், இரண்டுக்கும் பிள்ளையை அழைத்துப் போகலாமா?

---

பாலாற்றுமணல் எழுதியது:

இரண்டுக்கும் வேண்டாம்.

தீக்குச்சி முனையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட் கலந்த மருந்து, பெட்டியின் பக்கத்தில் இருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் உரசினால் தீ என்பதே பொருளின் தத்துவம்; அதனால்தான் இரண்டு வேலையையும் தனித்தனிக் கட்டடத்தில் வைக்கிறார்கள். மருந்து முக்கும் இடத்துக்குள் வெளியாள் போவது முறையல்ல. குடியாத்தம் போவதானால் கைலித் தறியைப் பாருங்கள். பெரியவருக்கும் பிள்ளைக்கும் நிம்மதி.

தோல் பதனிடும் ஷாப் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கழிவுநீர்த் தொட்டியில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு ஆளைக் கொல்லும். முதலில் அழுகிய முட்டை வாடை வரும். அளவு கூடினால் மூக்கு மரத்து வாடையே தெரியாது. வாடை போய்விட்டது என்று நம்பி இறங்கியவர்கள்தான் இறந்திருக்கிறார்கள். தொட்டி, மூடிய குழி எதன் பக்கமும் யாரும் போகக் கூடாது. பெரியவர்கள் மட்டும், எழுதிக் கேட்டு அனுமதி வாங்கி, மேற்பார்வையாளரோடு, மூடிய காலணியோடு போகலாம்.

அப்படிப் போனால் எதைப் பார்ப்பது என்று சொல்கிறேன். உப்புப் போட்ட பச்சைத் தோல் வரும். முதல் ஊறலில் அந்த உப்பு கழுவப்படும். பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்ந்த கரைசலில் மயிர் கழன்றுவிடும். உள்பக்கச் சவ்வைச் சீவி எடுத்து, சுண்ணாம்பை நீக்கியபின் இரண்டு வழி பிரியும். பழைய வழி பட்டைத் தோல்: ஆவாரம் பட்டை, வேலம் பட்டைச் சாறுகளில் குழிமாற்றி வாரக்கணக்கில் ஊறவைத்து, கடுக்காய்ச் சாற்றில் முடித்து, எண்ணெய் தடவுவது. புதிய வழி குரோமியம்: அமிலமும் உப்பும் சேர்ந்த நீரில் தோலைப் பக்குவப்படுத்தி, பெரிய மர டிரம்மில் குரோமியம் உப்போடு சுழற்றினால் ஒரே நாளில் நீலத் தோலாக வெளிவரும். பட்டைச் சாறு முதலிலேயே கெட்டியாக இருந்தால் தோலின் மேல்பக்கம் மட்டும் இறுகி, நடுவில் பச்சையாக நின்றுவிடும். அதனால்தான் நீர்த்த சாற்றில் தொடங்கிப் படிப்படியாகக் கெட்டியாக்குகிறார்கள். வெட்டிய ஓரத்தைக் காட்டச் சொல்லுங்கள், நடுவரை ஒரே நிறம் இருந்தால் சரியான வேலை.

பாலாற்றைக் கடக்கும்போது இதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். குரோமியத்தைப் பிடித்துவிடலாம், முதல் ஊறலில் கரைந்த உப்பைப் பிரிப்பதுதான் பாடு. சாதாரணச் சுத்திகரிப்பில் உப்பு போகாது, சவ்வு வழியாக வடிகட்டி, மிஞ்சியதைக் காய்ச்சி எடுக்க வேண்டும். இந்தப் பகுதி மக்கள் மன்றம் தொடுத்த வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்துகிறவரே ஈடு கட்ட வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. கிணற்று நீர் கெட்டு விவசாயத்தை விட்ட குடும்பங்களும் இந்த ஊர்களில்தான் இருக்கின்றன. தோல் வேலை செய்கிறவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் கேட்காமல் திரும்பாதீர்கள்.

பிள்ளையோடு ஆம்பூரில் செருப்பு, பெல்ட் தைக்கும் சின்னப் பட்டறை பார்க்கலாம். சாப்பாட்டுக்குச் சீரகச் சம்பா பிரியாணி. கூட வரும் எண்ணெய்க் கத்தரிக்காயைச் சாப்பிடும்போது இலவம்பாடி நினைவு வரும்.

---

மலையடிவாரம் எழுதியது:

கொப்பரைக்கரை அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். கத்தரித் தோட்டத்துக்குப் போன உடுப்போடு அன்றே பட்டுப்புழு வளர்க்கும் மனைக்குள் போகவே கூடாது. கத்தரிக்குத் தெளித்த பூச்சிமருந்து துணியில் துளி ஒட்டியிருந்தாலும் புழு வாந்தி எடுத்துச் சாகும். பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடித்த காற்று மல்பெரி இலையில் படிந்தாலே ஒரு தொகுதி முழுக்கப் போய்விடும்.

ஆகவே புழு மூன்றாம் நாள், குளித்து உடுப்பு மாற்றியபின். சென்ட், கொசு விரட்டி, ஊதுபத்தி, புகையிலை எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. வாசலில் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் போட்டிருப்பதை மிதித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரே நாளில் இரண்டு புழு மனைக்குப் போகாதீர்கள், பால்புழு என்னும் தொற்றுநோயை நீங்களே சுமந்து போவீர்கள். கதவில் வலை இருந்தால் உடனே மூடுங்கள், ஊசி ஈ நுழைந்தால் புழுவின் மேல் முட்டையிடும்.

எப்போது போவது என்பது புழுவின் பருவத்தைப் பொறுத்தது. முட்டை பொரிந்து கூடு கட்ட 23 முதல் 25 நாள், இடையில் 4 முறை தோல் உரிக்கும். மொத்த இலையில் 80 சதவீதத்துக்கு மேல் 5ஆம் பருவத்து (கடைசித் தோல் உரிப்புக்குப் பிந்திய) 7 நாளில்தான் தின்னும். அப்போது மனைக்குள் தூறல் விழுகிற மாதிரி சத்தம் கேட்கும். அதைக் கேட்கத்தான் போக வேண்டும். தோல் உரிக்கும் நாளில் போனால் புழு தலையைத் தூக்கி அசையாமல் நிற்கும், அப்போது தொடவே கூடாது. பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்தில், ஆலங்காயம், திருப்பத்தூர்ப் பக்கம் யார் வீட்டில் 5ஆம் பருவம் நடக்கிறது என்று கேட்டால் சொல்வார்கள். 100 முட்டைத் தொகுதிக்கு (ஒரு தாய் அந்துப்பூச்சி இட்ட முட்டைகள் ஒரு தொகுதி) 60-லிருந்து 80 கிலோ கூடு எடுத்தால் நல்ல விளைச்சல். மனையில் 24-லிருந்து 26 டிகிரி சூடு இருக்க வேண்டும்; ஜனவரி இரவுக் குளிரில் சூடு இறங்கினால் புழு சரியாகத் தின்னாது, நாள் நீளும்.

வழி: போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர், காவலூர், ஆலங்காயம், வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர். போளூரிலேயே டீசல் நிரப்புங்கள். மலையில் வளைவு அதிகம், பெரியவருக்கு முன் இருக்கை. இருட்டுவதற்குள் ஆலங்காயம் இறங்கிவிட வேண்டும்.

ஜனவரியில் சாமை அறுவடை முடிந்து களத்தில் இருக்கும். உமி நீக்கினால் 100 கிலோவுக்கு 60 கிலோ சொச்சம் அரிசி. வெள்ளை வெளேரென்று இருந்தால் தவிடு முழுக்கப் போயிருக்கிறது, லேசான பழுப்பில் இருப்பதை வாங்குங்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் உமி நீக்கிய சாமை 2, 3 மாதத்தில் காறல் வாடை அடிக்கும், அந்த அளவுக்கு மட்டும் வாங்குங்கள். உமியோடு கொடுத்தால் வருடம் தாங்கும், ஆனால் வீட்டுப் பக்கம் அரைக்க மில் இருக்க வேண்டும்.

தேன் ஜனவரியில் புதிதாகக் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது எல்லாம் எதையும் நிரூபிக்காது. அடையில் மெழுகு மூடிய பிறகு எடுத்ததா என்று கேளுங்கள். மூடாத அடையில் எடுத்தால் நீர் கூடுதலாக இருந்து புளிக்கும். நம் ஊர்ப் பெட்டித் தேனீயின் தேன் இயல்பாகவே கொஞ்சம் நீர்த்திருக்கும், அதனால் மட்டும் கலப்படம் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

---

கொப்பரைக்கரை எழுதியது:

மலையடிவாரம் சொன்னது சரி. என் முதல் நாள் திட்டத்திலிருந்து புழுவை எடுத்துவிடுங்கள்.

காரில் ஏற்றும்போது வெல்லத்தைத் துணியில் சுற்றி மூங்கில் கூடையில், நிழலில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்துக் கசியும். தேன் பாட்டிலை நிமிர்த்தி வைத்து, மலை இறங்கியதும் மூடியை ஒருமுறை தளர்த்தி மூடுங்கள். கத்தரிக்காயை வெல்லக் கூடைக்கு மேல் வைக்காதீர்கள், முள் துணியைக் கிழிக்கும். பட்டுச் சேலை தனிப் பருத்தித் துணியில், தோல் சாமான்களுக்கு எட்டாத மூலையில் இருக்கட்டும். ஆலையிலும் தறி வீட்டிலும் கொடுக்க 100, 50 ரூபாய்ச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கும்போது நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னால் கொப்பரையில் பதம் தப்பிவிடும், பாகு இறங்கியபின் கேளுங்கள்.